அம்பு ஒட்டாத இடம்

தையல் ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்பக்கா, அவ்வளவுதான். ஏற்றுமதிச் சட்டைகள் பெட்டிக்குப் போகுமுன் வந்து நிற்கும் செக்கிங் மேசையில் முப்பத்தொரு வருஷம் நின்றவள். பொத்தான் சாய்ந்திருந்தாலும், காலரின் ஒரு முனை கூராகவும் மறு முனை மொட்டையாகவும் இருந்தாலும், அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். "அந்தம்மா கண்ணுல பட்டா கல்யாணப் பொண்ணுக்கே அம்பு ஒட்டிரும்" என்று லைனில் அவள் காதுபடவே பேசுவார்கள். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

புருஷனைப் பிடித்ததும் அப்படித்தான். அவர் அதே ஆலையில் கட்டிங் மாஸ்டர். ஒரு நாள் அவர் வெட்டிய நாற்பது பீஸ்களைக் கை நீளம் சரியில்லை என்று திருப்பினாள். கத்தரிக்கோலும் கையுமாக வந்து நின்றார். "கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கியா?" என்றார். அவள் இஞ்ச் டேப்பை நீட்டினாள். அளந்து பார்த்தார். கால் இஞ்ச் வித்தியாசம். ஆறு மாதத்தில் கல்யாணம்.

ஓய்வு பெற்ற அன்று மேசை டிராயரில் மிச்சமிருந்த ஒரு ரோல் அம்பு ஸ்டிக்கரை வீட்டுக்கு எடுத்து வந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. வங்கியில் வேலை பார்க்கும் மகள், முதியோர் குடியிருப்புகளின் வழவழப்பான விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்து போட ஆரம்பித்தபோதுதான் அதற்கு வேலை வந்தது.

"உங்க லைஃப்ஸ்டைலுக்கு ஏத்த இடமாப் பாக்கணும்மா" என்றாள் மகள்.

"எங்களுக்கு என்னடி லைஃப்ஸ்டைல்? காலையில எந்திரிக்கறோம், ராத்திரி படுக்கறோம். எந்தக் கட்டில்லயும் செய்யலாம்."

ஆனால் பார்க்கப் போன இடங்களில் அவள் விட்டுவைக்கவில்லை. முதல் இடத்தில் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. "உள்ள ஒருத்தர் வழுக்கி விழுந்து கதவ அடைச்சுக் கெடந்தா வெளியில இருக்கறவங்க எப்படித் தள்ளுவீங்க?" என்று கேட்டாள். சுற்றிக் காட்டிய பையன் கதவை இழுத்து இழுத்துப் பார்த்தான். கதவில் ஓர் அம்பு. இரண்டாவது இடத்தில் நூலகம் இருந்தது, புத்தக அலமாரிக்குப் பூட்டும் இருந்தது. பூட்டின் மேல் அம்பு. மூன்றாவது இடத்தில் ஒரு பெண், எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துக் கைதட்டச் சொன்னாள். ஆள் மேல் ஒட்ட முடியாது என்பதால் தப்பித்தாள்.

"நீ இருக்கப் போற இடத்தப் பாக்க வந்தியா, ரிஜெக்ட் பண்ண வந்தியா?" என்றாள் மகள், காரை எடுத்துக்கொண்டே.

"ரெண்டும் ஒண்ணுதான்."

இந்தக் கெடுபிடிக்கெல்லாம் அடியில் வேறொரு விஷயம் இருந்தது. எல்லா இடத்திலும் இரண்டு கட்டடம். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்கு முன் கட்டடம், நினைவு தடுமாறுகிறவர்களுக்குப் பின் கட்டடம். அவள் கணவருக்கு இரண்டு வருஷமாகவே தடுமாற்றம். போன மழைக்காலத்தில் வரவேற்பறைத் திரைச்சீலையைத் தரையில் விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, சட்டைக் கைகளாக வெட்டி அடுக்கியிருந்தார். "ஆர்டர் எத்தன பீஸு?" என்று அவளைக் கேட்டார். திரைச்சீலை பழசாகிவிட்டது, மாற்றிவிட்டேன் என்று மகளிடம் சொல்லிவைத்தாள். இருவரையும் ஒரே அறையில், முன் கட்டடத்தில் சேர்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவரைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

ஆலையில் வெளிநாட்டுக்காரர் சோதனைக்கு வரும் நாளில், மேலாளர்கள் நல்ல பீஸ்களாகப் பொறுக்கிப் பெட்டியின் மேலடுக்கில் வைக்கச் சொல்வார்கள். அவளுக்கு அந்தத் திருட்டுத்தனம் ஆகாது. பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவிப் போடுவாள். அப்படிப்பட்டவள்தான், ஒவ்வொரு இடத்துக்கும் கிளம்புமுன் கணவருக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே மேலடுக்கை அடுக்கினாள். என்ன கிழமை, என்ன வருஷம், எத்தனை பிள்ளை. அவர் நல்ல மாணவன் போலத் திருப்பிச் சொன்னார்.

நான்காவது இடத்தில் அவள் கை ஸ்டிக்கர் ரோலுக்குப் போகவே இல்லை. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறந்தன. நாற்காலிகளுக்குக் கைப்பிடி இருந்தது. சீட்டாடிக்கொண்டிருந்த ஒரு கிழவி, எதிரே இருந்தவளைக் களவாணி என்று திட்டினாள். திட்டு வாங்கியவள் அசையாமல் அடுத்த சீட்டைப் போட்டாள்.

"மனுஷங்க இருக்கற இடம்" என்றாள் அம்பக்கா. "இது பாஸ்."

மகள் அலுவலக அறைப் பக்கம் பார்த்தாள். அவள் சந்தோஷப்படாததை அம்பக்கா கவனித்திருக்க வேண்டும்.

அலுவலக அறையில் மேலாளர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். "நர்ஸம்மா ரெண்டு கேள்வி கேப்பாங்க. சும்மா வழக்கமானதுதான்." கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்பக்காவின் கணவர் முன் உட்கார்ந்தாள்.

"நீங்க வாய் தொறக்கக் கூடாது மேடம்" என்று அம்பக்காவிடம் சொன்னாள். பிறகு அவரிடம் திரும்பினாள். "காலையில என்ன சாப்டீங்கய்யா?"

"செவ்வாக்கிழமை" என்றார் அவர் பெருமையாக.

நர்ஸ் சிரிக்கவில்லை. "சரி. இவங்க யாரு, உங்க கூட வந்திருக்காங்களே?"

அவர் அம்பக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு நர்ஸ் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "செக்கிங்ல இருக்கற அம்மா. கொஞ்சம் பாத்துப் பேசுங்க. லேசுல பாஸ் பண்ணாது."

அம்பக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நர்ஸ் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "திரைச்சீலைய வெட்டினது எப்ப மேடம்? அதுக்கப்புறம் வேற எதையாவது வெட்டினாரா?"

அந்த விஷயம் வீட்டைத் தாண்டியதில்லை. அம்பக்கா மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் கைபேசியைப் பார்த்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் மகளே ஆரம்பித்தாள். "குப்பைக்கூடையில துண்டு துண்டாக் கெடந்துச்சும்மா. பழைய திரைச்சீலைய யாராவது கை அளவுக்கு வெட்டிப் போடுவாங்களா?"

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா நீ எனக்கு அம்பு ஒட்டியிருப்ப. ஒரு நாள் நீ அசந்து தூங்கறப்ப அவரு கேஸத் தொறந்து விட்டா என்ன செய்வ? நான்தான் ஃபோன் பண்ணிச் சொன்னேன். கேடு இருந்தா மூடி மறைக்கக் கூடாதுன்னு சின்ன வயசுலேருந்து நீதானே பாடம் எடுத்த."

மகள் சொன்னதில் கால் இஞ்ச் கூடப் பிசகில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

மேலாளர் பொறுமையாக விளக்கினார். ஐயாவுக்குப் பின் கட்டடம். அம்மாவுக்கு இப்போது பார்த்த அதே அறை. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை போய்ப் பார்க்கலாம். துணையாக உள்ளேயே தங்குவதென்றாலும் தடையில்லை, ஆனால் அந்தக் கட்டடத்தின் விதிகள் அவளுக்கும்தான். ஏழு மணிக்குக் கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள். கத்தரிக்கோல், ஊசி கூடாது. அனுமதிச் சீட்டு வாங்கித்தான் வாசலுக்கு வர முடியும். "உங்களுக்கு அது சரிப்படாது மேடம். நல்லா நடமாடறீங்க, நாலு பேரோட பழகறீங்க."

"போய்ப் பாக்கலாம்" என்றாள்.

நான்கு இடங்களிலும் அவள் பின் கட்டடத்துக்குப் போனதே இல்லை. இப்போதுதான் பார்த்தாள். ஜன்னல் நாலு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. யாரும் பார்க்காத தொலைக்காட்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி. கணவர் அதில் உட்கார்ந்து, விரிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"மட்டமான துணி. தண்ணி பட்டா சுருங்கும்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

அவள் மேலாளரிடம் கையை நீட்டினாள். "ஃபாரத்தக் குடுங்க. இந்த ரூமுக்கே ரெண்டு பேரையும் எழுதிக்கங்க."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சு" என்றாள் மகள்.

"ரெண்டு பேருக்கும் சேத்து நீயே யோசிச்சிட்டியே. அது போதும்."

அடுத்த மாதம் முதல் வாரம் வந்து சேர்ந்தார்கள். வாசலில் உதவியாளப் பெண் கைப்பையைச் சோதித்தாள். நகவெட்டியை எடுத்தாள், பின்னூசியை எடுத்தாள், கடைசியில் சிவப்பு ரோலை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னம்மா?"

"தப்பு இருக்கற எடத்துல ஒட்டறது."

"ஒட்டற சாமான் எதுவும் உள்ள வரக் கூடாதும்மா. சில பேரு வாயில போட்டுக்கறாங்க." அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே அறை எண்ணை எழுதினாள்.

மகள் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு நின்றாள். "ஞாயித்துக்கிழமை வர்றேன்மா."

"பத்து மணிக்கு மேல வா. அதான் நேரம்."

அவள் போன பிறகு அம்பக்கா துணிகளை அடுக்கினாள். கணவர் குளியலறைக்குப் போக எழுந்தார். அவர் கதவைத் தள்ளியபோதுதான் கவனித்தாள். முன் கட்டடத்துக் கதவுகள் போலில்லை; முதலில் பார்த்த இடத்தைப் போலவே, உள்பக்கமாகத் திறக்கிற கதவு. கை தன்பாட்டில் பைக்குள் போய், ஒன்றுமில்லாமல் வெளியே வந்தது. தன் செருப்பைக் கழற்றிக் கதவு இடுக்கில் செருகினாள்.

"உள்ள போனா தாழ்ப்பாள் போடாதீங்க. கதவ முழுசாவும் சாத்தாதீங்க."

"ஏன்?"

"நான் சொல்றேன்ல."

அவர் செருப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். செக்கிங் மேசை முன் நிற்கிற ஆள் போலக் கைகளை இறக்கிக்கொண்டார்.

"சரிங்க மேடம்" என்றார்.