செல்வராணி டீச்சர் போட்ட இரண்டு கோடுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தனார் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எந்தச் செவுத்தங்க ஒடைக்கறது?" என்று கேட்டார். "இருங்க, டீச்சர் அரியலூர்ல பஸ் ஏறியிருப்பாங்க" என்றேன். அப்போதுதான் போன் வந்தது. டீச்சரின் தம்பி. "அக்கா தவறிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. "அப்ப எப்ப வருவாங்க?" என்று கேட்டிருக்கிறேன். பாவம், அவர் அழுதுவிட்டார்.

செல்வராணி டீச்சரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? பெரம்பலூரில் ஒரே பள்ளியில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நோட்டுத் திருத்தியவர்கள் நாங்கள். யார் வீட்டில் ஜன்னல் மாற்றினாலும், குழாய் பதித்தாலும் அவரிடம்தான் கேட்பார்கள். அரியலூரில் சொந்த வீட்டை வருஷக்கணக்காகத் துண்டு துண்டாக இடித்துக் கட்டியவர்; கடைகளும் ஆட்களும் அவருக்கு அத்துப்படி.

என் கணவர் பைக்கிலிருந்து விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு நானும் கேட்டேன். எங்கள் கழிப்பறை கொல்லையில் இருந்தது, படியிறங்கிப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆள் வந்து தூக்க வேண்டும் என்பதால் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருந்த சாமான் அறையைக் கழிப்பறையாக்குவது என்று முடிவானது.

டைல்ஸ் வாங்கத் தனியாகப் போய்த் தலை சுற்றித் திரும்பினேன். சொரசொரப்பானதுதான் வழுக்காது என்றார்கள் ஒரு கடையில். அதில் அழுக்கு ஏறும் என்றார்கள் அடுத்த கடையில். மறுநாள் டீச்சர் கூடவே வந்தார். கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்கவில்லை. "தம்பி, பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார். போய்விட்டு வந்து என் காதில், "வேண்டாங்க டீச்சர், அவங்க பாத்ரூம்லயே வழுக்குது" என்றார். இப்படிக் கடைவீதியில் கழிப்பறை கழிப்பறையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் மட்டும் ஈரத் தரையில் வெறுங்காலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். "தன் கடைக்குப் போட்டிருக்கறதத்தான் நமக்கும் விக்கணும்" என்பது அவர் சட்டம்.

கைப்பிடிக் குழாய்க்கு வாலிகண்டபுரத்தில் ஒரு வெல்டரிடம் போகச் சொன்னார். போனேன், "டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றேன். அதற்குமேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகுதான் குழப்பம். ஒரு சனிக்கிழமை வந்து, கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கதவு வைக்கப் படுக்கையறைச் சுவரில் கோடு போட்டார். "கட்டில்ல இருந்து எறங்குனா சார் நேரா உள்ள போயிடலாம்." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அடுத்த வாரம் வந்தவர், நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் ஹால் சுவரில் இன்னொரு கோடு போட்டிருந்தார். "இங்க வைங்க டீச்சர்." ஏன் என்று கேட்டால் வெளிச்சம் என்றார், குழாய் என்றார், பிறகு ஈரம் என்றார். "உங்களுக்கே தெளிவில்லையே!" என்று கோபப்பட்டேன். சிரித்தார். "ஞாயித்துக்கெழம வந்து முடிவா சொல்லிடறேங்க" என்றார்.

அரியலூர் போய் அவர் முகத்தைப் பார்த்து அழுதேன். அழும்போதும் எந்தச் சுவர் என்ற கேள்வி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. என்மேலேயே எரிச்சல் வந்தது.

காரியம் முடிந்த பிறகு கொத்தனார் மறுபடி வந்தார். நான் படுக்கையறைச் சுவரைக் காட்டினேன்.

"அது வேண்டாம்" என்றார் என் கணவர். "ஹால் பக்கக் கோட்ட நான்தான் போடச் சொன்னேன்."

"எப்பச் சொன்னீங்க?" என்றேன்.

"நீ காபி போடப் போனப்ப சொன்னேன். கதவ உள்ளயே வச்சுட்டா நான் இந்த ரூம விட்டு வெளிய வர வேண்டியதே இல்லாம போயிடும். அந்தப் பக்கம் இருந்தா தெனமும் ஹாலுக்கு வந்துதான ஆகணும்? நான் சொன்னா நீ அலைச்சல்னு ஒத்துக்க மாட்ட. அதான் டீச்சர் சொல்ற மாதிரி சொல்லச் சொன்னேன்."

வெளிச்சமும் குழாயும் ஈரமும் எங்கிருந்து வந்தன என்று அப்போது புரிந்தது. மற்றது புரியவில்லை. என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே? ஞாயிற்றுக்கிழமை வந்து என்னதான் சொல்லியிருப்பார்? டீச்சர், உங்கள்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். நீங்கள் இல்லாமல் கஷ்டமாகவும் இருக்கிறது.

ஹால் சுவரை உடைத்தோம். இப்போது காலையில் அவரே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறார். வந்தவர் அறைக்குத் திரும்புவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுக்கிறார். படுக்கையறைச் சுவரில் முதல் கோடு அப்படியே இருக்கிறது. டீச்சர் தானாக நினைத்துப் போட்டது அது ஒன்றுதான். பெயிண்ட் அடிக்க வந்தவர் அதைத் துடைக்கப் போனார். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்.

"டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றேன்.