நாலு சக்கரமும் ஜில்லென்று

என் கணவன் கிளாரிக்கு எதிலும் அளவு தெரியாது. டால்பி ஊரில் பேக்கரி நடத்திய காலத்தில், அவன் பன்னுக்குள் வைக்கிற வெண்ணெய் பிதுங்கிச் சட்டையில் வழியும். அதற்காகவே சனங்களுக்கு அவனைப் பிடிக்கும். எனக்கும்தான். இல்லாவிட்டால் இந்த மனுஷனோடு இத்தனை காலம் யார் குப்பை கொட்டுவது?

கடையையும் வீட்டையும் விற்றுக் கேரவன் வாங்கினோம். காருக்குப் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துப்போவதுதான் இனி வாழ்க்கை என்று முடிவு. தட்டு, போர்வை, என் தையல் மெஷின், அவன் அம்மாவின் கடிகாரம், எல்லாம் அதற்குள். வேறு கூரை எங்களுக்குக் கிடையாது.

குளிர்காலப் பயணத்துக்கு முன்னால் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குக்குப் புது கிரீஸ் வைக்க வேண்டும். ஒர்க் ஷாப்பில் விடலாமே என்றேன்.

"என் பொண்டாட்டி தூங்குற வண்டிய எவன் கையிலயோ குடுப்பேனா?" என்று கிளாரி தானே உட்கார்ந்தான். டப்பா காலியாகும்வரை அப்பினான்.

கேரவன்காரர்கள் வண்டியை நிறுத்தினால் டீயெல்லாம் அப்புறம்தான். முதலில் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். கை பொறுக்காமல் சுட்டால் பேரிங் போகப்போகிறது என்று அர்த்தம். மலை இறக்கத்துக்கு முந்தின கடைசி நிறுத்தத்தில் கிளாரியும் தொட்டுப் பார்த்தான். முகமெல்லாம் பல். வண்டி கிளம்பியதும், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோவை எடுத்தான். எங்களுக்குப் பின்னால் தன் கேரவனோடு கிளெனிஸ் வந்துகொண்டிருந்தாள். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவள், வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"கிளெனிஸ், கேட்டுக்கோ. நாலு சக்கரமும் பீர் பாட்டில் மாதிரி ஜில்லுனு இருக்கு. எல்லாம் இந்தக் கை போட்ட கிரீஸ்!"

"ரொம்பப் பீத்திக்காதே. நாலுமேவா?"

"நாலுமே!"

கிளெனிஸின் குரல் மாறியது.

"கிளாரி, அங்க நிறுத்துறதுக்கு முன்னாடிதானே ஒரு பெரிய எறக்கம் எறங்கினே? பிரேக் புடிச்சிருந்தா சக்கரம் கொஞ்சமாவது சுடணும்டா. உன் கேரவன்ல பிரேக்கே இல்ல. ஓரம்கட்டு. மலை எறங்காதே!"

"பொறாமை புடிச்சவ" என்று என்னிடம் சிரித்தான். ஆனால் சாலை அதற்குள் சாய்ந்துவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். ஓரம்கட்ட ஓரமே இல்லை.

முதல் வளைவில் கேரவன் காரை முதுகில் கை வைத்துத் தள்ளியது. கேரவன் பிரேக்குக்கென்று காரில் தனியாக ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பின்னால் வெடுக்கென்று இழுக்க வேண்டும். அழுத்தினேன், மறுபடி அழுத்தினேன். ஒன்றுமே நடக்கவில்லை. கிளாரி கியரைக் குறைத்தான். எஞ்சின் அலறியது. இரண்டு வண்டியின் பாரத்தையும் காரின் பிரேக் ஒன்றே தாங்கியதில் தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அந்த மலையில் பிரேக் போன லாரிகளுக்காக, சாலையை விட்டுப் பிரிந்து மேலே ஏறுகிற பாதைகள் இரண்டு இருக்கின்றன. ஆழமாகச் சரளைக்கல் கொட்டியிருக்கும், பாய்ந்தால் சக்கரம் புதைந்து நின்றுவிடும். முதலாவது வந்தது. கிளாரி அதைத் தாண்டிப் போய்விட்டான்.

"பாவி, ஏன்டா திருப்பல?"

"கல்லுல விட்டா கேரவன் நொறுங்கிடும் நோலீன்! அது நம்ம வீடு!"

"வீடு நாசமாப் போகட்டும்! நாலு தட்டுக்காக என்னைச் சாகச் சொல்றியா?"

ரேடியோவில் கிளெனிஸ் கத்தினாள். "ரெண்டாவத விட்டுடாதே! அப்புறம் ஒத்தை வண்டி போற பாலம்தான். சிக்னல்ல சனங்க நிப்பாங்க!"

பிரேக் மிதி தரை வரை போய்விட்டது. கிளாரி வெறுமனே மிதித்துக்கொண்டே இருந்தான். வளைவில் கேரவன் ஆடியபோது காரின் பின்பக்கமே நகர்ந்தது. இரண்டாவது சரளைப் பாதையின் மஞ்சள் பலகை தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பினான்.

கற்கள் கண்ணாடியை மறைத்துக்கொண்டு எழும்பின. பின்னால் எங்கள் தட்டெல்லாம் உடைவது கேட்டது. நின்றபோது கேரவன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. "நோலீன், நோலீன்" என்று கிளாரி என் முகத்தைத் தடவினான். அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

கிளெனிஸ் வந்தாள், எங்களைப் பார்த்தாள், உடனே ரேடியோவில் உதவி கேட்டாள். தூக்கிப் போக வந்த லாரிக்காரர், மேலே தூக்கி நின்ற சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தார். உள்ளே டிரம்மை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவெல்லாம் கறுப்பாகக் கிரீஸ் ஊறிக் கிடந்தது. பேரிங்கில் திணித்தது அதை மூடியிருக்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டி வழிந்திருக்கிறது. இரண்டாவது சக்கரத்திலும் அதே கதை.

"இவ்ளோ கிரீஸ் போட்டா பிரேக் எங்கேம்மா புடிக்கும்? எந்த மடையன் பார்த்த வேலை இது?"

கிளாரியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "டால்பில ஒரு மெக்கானிக்" என்றேன்.

"இல்லப்பா" என்றான் கிளாரி. "நான்தான். இவளுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னு அள்ளி அள்ளி வச்சேன்."

சொல்லிவிட்டு அந்தச் சரளையிலேயே உட்கார்ந்துவிட்டான். லாரிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.