கடைசி பெஞ்சுக்கு வந்த கிராக்கி

சர்ச்சில் லத்தீன் பூசை தமிழுக்கு மாறிய புதிது. எனக்கு இருபது வயது இருக்கும். அக்காவும் நானும் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, கூடையை வீட்டில் போட்டுவிட்டு, முகம் மட்டும் கழுவிக்கொண்டு ராயபுரத்துக் கோயிலுக்கு ஓடுவோம். எப்படி ஓடினாலும் முதல் வாசகம் முடிந்திருக்கும். உடம்பில் மீன் வாடை வேறு. அதனால் பெண்கள் பக்கத்தின் கடைசி பெஞ்சு எங்களுடையது. அதற்கு யாரும் போட்டிக்கு வந்ததில்லை.

முன்னால், பீடத்துக்கு அருகே, மெத்தை வைத்த மூன்று நாற்காலிகள். நன்கொடை கொடுத்த குடும்பத்தின் பெயர் ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை பெயின்டில் எழுதியிருக்கும். முதலாவது ஹெட்கிளார்க்கம்மாவுடையது. துறைமுக ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்தது அவர் வீட்டுக்காரர்தான்; ஆனால் அந்தப் பதவியை அவரைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டது அந்தம்மாதான்.

ஒரு ஞாயிறு, புதிதாக வந்திருந்த சாமியார் பிரசங்கம் வைத்தார். விருந்துக்குப் போனால் முதலிடத்தைப் பிடிக்காதே, கடைசியில் போய் உட்கார், அழைத்தவர் வந்து உன்னை மேலே கூப்பிடட்டும் என்று இயேசு சொன்னதை விளக்கினார்.

அடுத்த ஞாயிறு மூச்சிரைக்கப் போய் நின்றால், எங்கள் பெஞ்சில் இடமில்லை! நாற்காலிக்காரிகள் மூவரும் பட்டுப்புடவையில், தலை குனிந்து, பரம தாழ்மையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் ஐந்து பேர். ஐந்து பேர் பெஞ்சில் எட்டு பேர். ஓரத்திலிருந்த கம்பவுண்டர் மனைவிக்குப் பாதி உடம்பு காற்றில்.

காலியாக இருந்தது நாற்காலிகள் மட்டும்தான். மணி அடிக்கும் கோயில்பிள்ளை அங்கே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அக்கா உட்கார்ந்ததும் ஒருமுறை அமுங்கி எழும்பிப் பார்த்தாள். “மெத்து மெத்துன்னு கீதுடி! சினிமா கொட்டாயிலகூட இப்டி கெடையாது.”

“சும்மா இரு, சாமி பாக்குறாரு.”

சுவிசேஷத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். திரும்ப உட்காரும்போது பின்னாலிருந்து ‘தொப்’பென்று சத்தம். கம்பவுண்டர் மனைவிக்கு இடம் போய்விட்டது, தரையில் இருந்தார். நான் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டேன். அக்காவின் தோள் குலுங்கியது. சாமியார் எங்களைப் பார்த்தார், கடைசி பெஞ்சைப் பார்த்தார், புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

அவர் நிமிரும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் ஏழும் தரையில் ஒன்றுமாக எட்டுத் தலைகள் நிமிர்ந்தன. கடைசிவரை அவர் யாரையும் மேலே கூப்பிடவில்லை.

பூசை முடிந்ததும் ஹெட்கிளார்க்கம்மா வாசலில் அவரைப் பிடித்தார். “சாமி, நான் இன்னிக்கு எங்க உட்கார்ந்திருந்தேன்னு கவனிச்சீங்களா?”

“நாற்காலியில உங்களைக் காணோமேம்மா. உடம்பு சரியில்லையோன்னு வீட்டுக்கு வந்து பாக்கலாம்னு இருந்தேன்.”

ஒரு நிமிடம் அந்தம்மா முகம் சுருங்கியது. பிறகு அவரே வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் நீர் வருமளவுக்கு. அதைப் பார்த்துக் கம்பவுண்டர் மனைவியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

நாங்களும் வழியெல்லாம் சிரித்தோம். ஒன்றை மட்டும் நான் அக்காவிடம் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் இருந்தபோது, எங்கள் தெருக்காரிகள் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஏலம் முடியுமுன்பே அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இன்னாடி அவசரம்? பூசைக்கு இன்னும் நேரம் கீதே?”

ஹெட்கிளார்க்கம்மா வருமுன் அந்த மெத்தை நாற்காலியைப் பிடிக்கத்தான் என்று வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன். அக்கா நடுரோட்டிலேயே குந்தி உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். பூசைக்கு மறுபடியும் லேட்.