தகரக்காரர் கொடுத்தது என்ன

எங்கள் தெருத் தகரக்காரருக்குச் சங்கீதம் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பிடிக்குமா பிடிக்காதா என்று யோசிக்கவே அவருக்கு நேரம் இருந்ததில்லை. தண்ணீர்த் தொட்டி மூடி, புகைக்குழாய், பெட்டி என்று தகடு வெட்டித் தட்டியே காது மந்தமாகிப்போன மனிதர். வீட்டை நடத்துவது அவர் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவர் அக்காதான். பட்டறையில் கூடவே வேலை செய்யும் மச்சினன் அக்கா சொன்னால் எழுந்திருப்பான், அக்கா சொன்னால் உட்காருவான். மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவனுக்கு வெறும் காற்று.

பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய கிடங்கை ஓர் இசைக்குழு எடுத்துக்கொண்டது. வயலின், ஊதுகுழல், பெரிய முரசு என்று ஒரு கல்யாணக் கூட்டம் அளவுக்கு ஆட்கள். டிக்கெட் விற்ற காசு விளக்குப் போடவே காணாது. யாரோ பணம் கொடுத்தார்கள், யாரோ நாற்காலி கொடுத்தார்கள், ஒரு டாக்டர் குடும்பம் பியானோவையே கொடுத்துவிட்டது. அப்படித்தான் அந்தக் குழு ஓடியது.

ஒருநாள் குழுவின் நிர்வாகி அம்மா பட்டறை வாசலுக்கு வந்தார். "சாயங்காலம் நாங்க வாசிக்கறப்ப மட்டும் தகடு வெட்டற மிஷினை நிறுத்த முடியுமாங்க? வேற இடத்துக்குப் போக எங்களுக்கு வசதி இல்ல."

தகரக்காரர் தலையை ஆட்டினார். காதில் விழுந்துதான் ஆட்டினாரா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஆனால் ஆட்டிய தலைக்குக் கட்டுப்பட்டார். அன்றிலிருந்து சாயங்காலமானால் மச்சினனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருப்பார். வீட்டில் கேட்டால் "ஆர்டர் கம்மி" என்பார். அக்கா நம்பினார். நம்பி, பாலைக் குறைத்தார். தைக்கக் கொடுக்க எடுத்துவைத்த துணியை மறுபடி பெட்டிக்குள் வைத்தார்.

பிறகொரு நாள் நிர்வாகி அம்மா பூங்கொத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் கச்சேரிக்கு முதல் வரிசையில் இரண்டு டிக்கெட். "உங்க வீட்டுக்காரர் மாதிரி குடுக்கறவங்க இல்லேன்னா நாங்க எப்பவோ கடையைக் கட்டியிருப்போம்" என்றார். அக்கா சிரித்த முகத்தோடு டீ கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலையே."

"ஒண்ணும் குடுக்காத ஆளுக்கா பூ கொண்டுவந்து தராங்க?"

"சாயங்காலம் மிஷினை நிறுத்தினேன். அவ்வளவுதான்."

"அப்ப ஆர்டர் கம்மின்னு சொன்னது?"

தகரக்காரர் பூங்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இங்க பாத்துப் பாத்து செலவு பண்றேன். நீங்க அங்க தர்மப்பிரபுவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

மறுநாள் தகரக்காரர் என்னிடம் வந்தார். "ஏம்பா, வேலை செய்யாம உக்காந்திருக்கறது குடுக்கறதா?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? கொடுத்தவர் கொடுக்கவில்லை என்கிறார். வாங்கினவர்கள் கொடுத்தார் என்கிறார்கள். அக்காவோ, கொடுத்தது என் வீட்டுப் பால் என்கிறார். யார் பேச்சைக் கேட்டாலும் அவர் பேச்சுத்தான் சரி என்று பட்டது. மனிதர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அக்கா அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

கச்சேரியன்று அக்கா இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு கிளம்பினார். கிளம்புமுன் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "பாக்கித் தகடு மொத்தத்தையும் இன்னிக்கே வெட்டி முடி. யார் வந்து சொன்னாலும் நிறுத்தாதே" என்றார். கோபம் அப்படி.

கச்சேரி அந்தக் கிடங்கிலேயேதான். நான் கடைசி வரிசையில் இருந்தேன். முன்னால் தகரக்காரர் பட்ட பாடு அங்கிருந்தே தெரிந்தது. குச்சியோடு நிற்பவர் எதற்குக் கையை வீசுகிறார் என்று அவருக்குப் புரியவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டப் போய்ப் பாதியில் கையை மடக்கிக்கொண்டார். பிறகு எல்லா வாத்தியமும் அடங்கி, ஓர் இளம்பெண் மட்டும் தனியாக வயலின் வாசித்தாள். கிடங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் கிளம்பியது. பல் கூசியது. அந்தப் பெண்ணின் வில் போய் வந்துகொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் காணோம். குச்சிக்காரர் கையை இறக்கினார். அந்தப் பெண் வயலினை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். தகரக்காரருக்கே கேட்டுவிட்டது, பதறி எழுந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க. நீங்க சொன்னா அவன் நிறுத்த மாட்டான்."

முதல் வரிசைப் பெரிய மனிதர்களின் முழங்கால்களையெல்லாம் இடித்துக்கொண்டு அக்கா வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மிஷின் நின்றது. அக்கா திரும்பி வரவில்லை.

கச்சேரி முடிந்து நானும் தகரக்காரரும் போய்ப் பார்த்தபோது, அக்கா பட்டறையில் சுவரோரமாக ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். மச்சினன் விழித்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பொண்ணு மறுபடி முதல்லேருந்து வாசிச்சுதா?"

"வாசிச்சுது."

"நான்தான் இவனை ஓட்டச் சொன்னேன்."

தகரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். "இனிமே நிறுத்தறதா வேணாமா? எனக்கு ஒண்ணுமே புரியல."

"நிறுத்துங்க. நிறுத்தாம என்ன பண்றது?" அக்காவின் கண் கலங்கியிருந்தது. "ஆனா அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. குடுத்தது நீங்க இல்ல, நாம."

தகரக்காரர் பட்டறையைப் பூட்டக்கூடச் சொல்லாமல் அப்போதே எழுந்து நிர்வாகி அம்மாவைத் தேடிப் போனார்.