புகையாத மூச்சு

பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள், மந்திரிக்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவள். அப்படிப்பட்டவள் இதை எழுதுகிறேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டே படியுங்கள், நடந்தது நடந்ததுதான்.

அப்போது எருமப்பட்டியில் இருந்தோம். என் மகள் வள்ளிக்கு எட்டு வயது. டைபாய்டில் பிழைத்து எழுந்தாள், ஆனால் இருமல் மட்டும் அவளை விடவில்லை. மூத்தவனை இதே மாதிரி இருமலில்தான் பறிகொடுத்தேன், அதனால் இவள் ஒருமுறை இருமினாலும் ஓடிப்போய் நெஞ்சைத் தடவிப் பார்ப்பேன். நாமக்கல்லில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். அவருக்கு ஊர் இங்கிலாந்தின் வடக்குப் பக்கமாம். அங்கே பனி உறைந்து கிடக்கிற காலத்திலும் ஜனங்கள் வயல்வெளியில் மைல் கணக்கில் நடப்பார்களாம், நெஞ்சுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாதாம். பிள்ளையைப் போர்த்தி மூடி வைக்காதே, தினம் காலையில் நடக்கவிடு என்றார்.

மார்கழிப் பனியில் இருமுகிற பிள்ளையைச் சோளக்காட்டுக்குக் கூட்டிப் போவதென்றால் எங்கள் பக்கம் சும்மா இருப்பார்களா? அவரைக்காய் பறிக்கப் போகிற ராமாயி தினமும் கேட்பாள்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, காலங்காத்தால காட்டுக்குள்ள என்னத்தத் தொலச்சீங்க?"

"அவிங்க தொரசாணி ஆயிட்டாங்கடி, இனிமே பாத்தா கும்புடோணும்" என்பாள் கூட வருகிறவள்.

நான் காதில் வாங்கமாட்டேன். வள்ளிக்கோ அந்த நடை ஒரே கொண்டாட்டம். குளிரில் வாயைக் குவித்து ஊதி, "அம்மா, நான் ரயிலு" என்று புகைவிட்டுக்கொண்டே முன்னால் ஓடுவாள்.

அன்றைக்குப் பனி ரொம்ப அதிகம். விடிந்து நேரமாகியும் கொல்லிமலை இருந்த இடமே தெரியவில்லை. சோளத்தட்டு அறுத்த காட்டைத் தாண்டி வேலியோரமாகப் போய்க்கொண்டிருந்தோம். முதலில் வந்தது நாற்றம்தான். நனைந்த ஆட்டுமயிர் நாற்றம், அதற்கடியில் கூரைக்குள் எலி செத்துக்கிடந்தால் வருமே, அந்த மாதிரி இன்னொன்று. திரும்பினால் ஒரு கிழவர், தலையோடு கம்பளி போர்த்தி எங்களோடு சேர்ந்து நடந்துவருகிறார். கம்பளி ஊறிச் சொட்டியது. வாயில் எதையோ மென்றுகொண்டே இருந்தார். தாடை ஒரு நொடி ஓயவில்லை, கடைவாயில் கறுப்பாக எச்சில் வழிந்தது, அதைப் புறங்கையால் துடைத்துக் கம்பளியிலேயே தேய்த்துக்கொண்டார். வயதானவர், ஆட்டுக்காரர், என்ன செய்வது என்று முந்தானையை மூக்கோடு பிடித்துக்கொண்டேன்.

"புள்ளைக்கி இருமலுங்களா?"

"ஆமாங்க."

"எம்பட ஆடுகளும் இப்படித்தானுங்க இருமும். அப்பறம் இருமாது."

இப்படியே அவர் பேசிக்கொண்டு வந்தார். வள்ளி என் கையை இழுத்தாள். "அம்மா, அந்தத் தாத்தா வாயில பொகையே வரலம்மா." பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் மூச்சு புகைகிறது, அவர் வாய் ஓயாமல் பேசுகிறது, அங்கே ஒன்றும் இல்லை. அதட்டி அவளை வாயை மூடச் சொன்னேன்.

கிழவர் கையைக் கம்பளிக்குள் விட்டு எடுத்தார். கருப்பட்டித் துண்டு ஒன்று, ஈரமாக. "இந்தா சாமி, தின்னு, நெஞ்சுக்கு இதமா இருக்கும்" என்றார். வேண்டாங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது அவள் வாய்க்குள் போய்விட்டது.

"சூடா இருக்குதும்மா" என்றாள்.

அந்தக் குளிரில் சூடு எங்கிருந்து வரும்? நிமிர்ந்து கிழவரைப் பார்த்தேன். தாடை நின்றுபோயிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தையும் அருவருப்பையும் எப்படிச் சொல்வேன்? அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். கறுப்புக் கூழும் அதில் சுருண்ட ஆட்டுமயிரும் என் விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தன, பாதியை அவள் விழுங்கியிருந்தாள். அதற்குள் கிழவர் முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தார். போகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் பழக்கிவைத்த பிள்ளை, கண்ணில் தண்ணீரோடு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "போயிட்டு வாங்க தாத்தா."

அவர் திரும்பினார். "எங்க போறது சாமி? வந்தாச்சு" என்றார். பிறகு பனி மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் வள்ளி வாயைக் குவித்து ஊதினாள். மறுபடி ஊதினாள். "அம்மா, எனக்கும் வரல." வெயில் வந்துவிட்டது, இனி வராது என்றேன். சொல்லும்போதே என் வாயிலிருந்து புகை போனது.

சாம்பல் போட்டும் சீயக்காய் போட்டும் தேய்த்தேன், விரல் நாற்றம் பொங்கல் வரைக்கும் போகவில்லை. அந்த வருஷம் அந்தப் பக்கம் யாரும் ஆட்டுப்பட்டியே போடவில்லை என்று ராமாயி சொன்னாள்.

நம்பினால் நம்புங்கள், அன்றோடு இருமல் நின்றது. ஒருநாள் ஒருபொழுது இருமவில்லை. டாக்டரம்மாவுக்குப் பெருமை. "நடந்ததுக்குப் பலன் பாத்தியா?" என்றார் என் வீட்டுக்காரர். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று முதல் தூக்கத்தில் அவள் மென்றுகொண்டே இருந்தாள். வெறும் வாயை, விடியும்வரை. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. குனிந்து முகர்ந்தால் அதே நாற்றம். பெற்ற பிள்ளையின் வாயை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட தாய் நான். மார்கழி வந்தால் மட்டும் வெயில் ஏறும்வரை அவளை வெளியே விடமாட்டேன். எதைப் பார்க்கப் பயந்தேன் என்று வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது அவளை ஆட்டையாம்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போன மார்கழியில் வந்து தங்கிவிட்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். யுத்தகாலத்துக் கரி பஸ், பெட்ரோல் இல்லாமல் பின்னால் அடுப்பில் கரியை எரித்து ஓட்டுவது, அடுப்பு பிடிக்கவே நேரமாகிவிட்டது. கடுங்குளிர். அடுப்புக்கு விசிறி சுற்றுகிறவன் மூச்சு புகைந்தது, பக்கத்தில் கட்டியிருந்த எருமையின் மூச்சு புகைந்தது, அவளுடைய அப்பாவின் மூச்சும் என் மூச்சும் புகைந்தன. வள்ளி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தாள்.

"போயிட்டு வாரேம்மா" என்றாள்.

அவள் வாய்க்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பஸ் நகர்கிறவரைக்கும் அவள் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் மகள்தான், எனக்குத் தெரியும். ஆனால் போயிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.