தாத்தா கன்னத்து விரிசல்

எங்கள் அத்தைக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதை, இறந்துபோன தாத்தாவின் கன்னம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு காகிதத்தில் போட்ட பன்னிரண்டு கட்டம் முடிவு செய்கிறது. அதற்கு மட்டும் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா படம் மாட்டியிருந்தது. போட்டோ இல்லை, துணியில் எண்ணெய்ச் சாயத்தால் தீட்டிய ஓவியம். தாத்தா முதன்முதலில் திராட்சைப் பந்தல் போட்டு, அது நன்றாக விளைந்த சந்தோஷத்தில், கம்பத்தில் சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்த ஒருவரை அழைத்து வந்து வரையச் சொன்னாராம். பழக்க தோஷத்தில் அவர் தாத்தாவின் உதட்டைக் கொஞ்சம் சிவப்பாக்கிவிட்டார். மீசையும் கதாநாயகனுக்கு வைக்க வேண்டியது. மற்றபடி அது தாத்தாதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் தாத்தாவை நேரில் பார்த்ததில்லை என்பதால் நம்பினேன்.

அந்தப் படத்துக்குக் கண்ணாடி கிடையாது. ஊரில் மற்றவர்களின் தாத்தாக்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார்கள். எங்கள் தாத்தாவைத் தொடலாம். யாரும் இல்லாத நேரத்தில் நாற்காலியில் ஏறி அவர் கோட்டுப் பொத்தானைத் தடவிப் பார்ப்பேன், சாயத்தின் மேடு விரலில் தட்டும். இதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

கண்ணாடி இல்லாததால் தாத்தாவுக்கு நடந்த உபசாரமெல்லாம் நேராக அவர் மேலேயே நடந்தது. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் அம்மா சந்தனத்தைக் குழைத்து அவர் நெற்றியில் வைத்து, அதன் மேல் குங்குமம் இடுவார். பொங்கலுக்கு முன்னால் பெரியம்மா ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு, பளபளப்பாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் பூசுவார். என் அப்பா தன் பங்குக்குப் படத்தின் இடது மேல் மூலையில் ஒரு குண்டு பல்பைப் பொருத்தியிருந்தார். கரண்ட் இருக்கிற வரைக்கும் அது எரியும்.

எல்லார் வீட்டையும் போலவே படம் சுவரில் ஒட்டி நிற்காமல் முன்பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அந்தச் சாய்வுக்குப் பின்னால் இருந்த இடம்தான் எங்கள் வீட்டுப் பீரோ. கரண்ட் அட்டை, பனையோலை விசிறி, பழைய காலண்டர், எல்லாம் அங்கே செருகியிருக்கும். பெரியப்பாவின் கவாத்துக் கத்தரியும் அங்கேதான். திராட்சைக் கொடியை வெட்டிவிடுகிற அந்தக் கத்தரி கனமானது. தோட்டத்திலிருந்து வந்ததும், காலைக்கூடக் கழுவாமல், அதைத் தாத்தாவுக்குப் பின்னால் வேகமாகச் செருகிவிட்டுத்தான் உட்காருவார். பிள்ளைகள் எடுத்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, தாத்தா போட்ட பந்தலை வெட்டுகிற கத்தரி தாத்தாவின் பொறுப்பில் இருக்கட்டும் என்பது. கவாத்து தப்பினால் அந்தப் போகமே போச்சு. அப்படிப்பட்ட சாமானை வேறு யாரிடம் ஒப்படைப்பது?

அத்தை திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் அத்தை போன் பண்ணி, அங்கே அருங்காட்சியகம் ஒன்றில் பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிற வேலையில் இருக்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகப் பெரியப்பாவிடம் சொன்னார். அவர் மலையாளி. எங்கள் ஆட்கள் இல்லை. பெரியப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கத்தித் தீர்த்துவிட்டுச் சமாதானமாகிற மனிதர் அவர். அப்பாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். அப்பார் என்றது கூடத்தில் தொங்கிய தாத்தாவைத்தான்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து தாத்தாவுக்குச் சூடம் காட்டினார். அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தார். தாத்தாவின் வலது கன்னத்தில் சிலந்தி வலை மாதிரி ஒரு விரிசல், வட்டத்துக்குள் வட்டமாக. நடுவில் அரிசி அளவுக்குச் சாயமே உதிர்ந்து போயிருந்தது.

"அப்பாரு மூஞ்சி வெடிச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அது அன்றைக்கு விழுந்த விரிசல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்த முகத்தை யார் உற்றுப் பார்த்தார்கள்? தினமும் பார்ப்பதைத்தானே நாம் பார்ப்பதே இல்லை. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். ஒரு கோடு கண்ணிலிருந்து கண்ணீர் மாதிரி இறங்குகிறது என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்கப்புறம் எல்லோருக்கும் அது தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

பெரியப்பா இதை ஒரு சாக்காகச் சொன்னார் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அவர் மனதார நம்பினார். அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தாத்தா போனபோது அத்தை சின்னப் பெண். படிக்க வைத்தது, வெளியூருக்கு வேலைக்கு அனுப்பியது எல்லாம் பெரியப்பாதான். அத்தைக்கும் அது தெரியும். அண்ணன் வேண்டாம் என்றால் அவரை மீறிப் போய்ப் பதிவுத் திருமணம் செய்ய மாட்டேன், அதே சமயம் வேறு யாரையும் கட்டவும் மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டார். அத்தை சொன்னால் சொன்னதுதான். இப்படி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்க, வீட்டில் சோறு இறங்கவில்லை. எனக்குப் பெரியப்பா மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கடைசியில் அத்தை லீவு போட்டுவிட்டு வந்தார். அவரை ஒரு தடவை வரச் சொல்கிறேன், வேண்டாம் என்பதை அவர் முகத்துக்கு நேராக நீங்களே சொல்லுங்கள் என்று பெரியப்பாவிடம் கேட்டுக்கொண்டார். வருகிறவரை வராதே என்று சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை குமுளி வழியாக பஸ் ஏறி அவர் வந்தார். ஒல்லியான ஆள், கண்ணாடி போட்டிருந்தார், பலாப்பழச் சிப்ஸ் பொட்டலம் கொண்டுவந்தார். அத்தை பழக்கிவிட்ட தமிழில் மெதுவாகப் பேசினார். காபி கொடுத்து முடிந்ததும் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒன்னும் இல்ல தம்பி. எங்கப்பாருக்குத்தேன் மனசில்ல. அங்கன பாருங்க, மூஞ்சியே வெடிச்சுப் போயி நிக்கிறாக."

வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பார்கள். இவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டு, பதில் வருவதற்குள் எழுந்து போய்விட்டார். சம்பந்தம் பேச வந்த வைத்தியரிடம் யாராவது நாடியை நீட்டினால், வந்த காரியம் அவருக்கு ஞாபகம் இருக்குமா? செல்போன் விளக்கைப் போட்டு, அதைப் படத்துக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். தாத்தாவின் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத மேடும் பள்ளமும் எழுந்து நின்றன.

முதலில் கோட்டைப் பார்த்தார். கறுப்பில் அகலமான வெடிப்புகள், வற்றிய கண்மாயின் தரை மாதிரி. அடியில் பூசிய சாயம் காய்வதற்கு முன்னால் அவசரப்பட்டு மேலே பூசினால் இப்படி ஆகும் என்றார். பேனர் வரைந்தவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால் இதில் யாருக்கும் வருத்தமில்லை. பெரியம்மாகூடத் தலையாட்டினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து நெற்றிக்கு வந்தார். ஈரச் சந்தனம் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது சாயத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும், அதனால்தான் இங்கே செதில் செதிலாக உரிந்திருக்கிறது என்றார். அம்மாவின் முகம் மாறியது. முகம் பழுப்பேறியது தேங்காய் எண்ணெயால். அது காயாது, புகையையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். பெரியம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு, சத்தம் வருகிற மாதிரி உள்ளே போனார். இந்த மூலையில் சாயம் ஓடு ஓடாக எழும்பி நிற்பது பல்பு சூட்டினால் என்று சொன்னபோது, என் அப்பா இல்லாத வேலை ஒன்றுக்காக வாசலுக்கு எழுந்து போனார்.

ஒரு காபி ஆறுகிற நேரத்துக்குள் அந்த மனிதர் எங்கள் குடும்பத்தில் மூன்று பேரைப் பகைத்துக்கொண்டார். சொன்னது எல்லாம் உண்மை, அதுதான் கஷ்டம். அவர் முதுகுக்குப் பின்னால் அத்தை கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால்தானே தெரியும்.

மிச்சம் இருந்தது கன்னம். அவர் வலை விரிசலைப் பார்த்தார், விரலால் தொடாமல் காற்றில் அதைச் சுற்றிக் காட்டினார். பிறகு படத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்து மெல்ல முன்னால் தூக்கி, விளக்கைப் பின்னால் அடித்துப் பார்த்தார். கீழே நின்ற எனக்கும் தெரிந்தது. விசிறி இருந்தது, காலண்டர் இருந்தது, கவாத்துக் கத்தரி அதன் மூக்கைத் துணியில் ஊன்றிக்கொண்டு நின்றது. எல்லாம் எப்போதும் இருக்கிற சாமான்கள்தான். அவர் கத்தரியின் பிடியைத் தொட்டார். தொட்ட கையோடு திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். கடைசியாகப் பெரியப்பாவை.

பெரியப்பா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் கேட்டேன். "இந்த வலை எதுனால வந்துச்சு?"

அவர் படத்தைப் பழையபடி சாய்த்துவிட்டு, விளக்கை அணைத்தார். "அதுதான் எனக்குத் தெரியல, மோளே" என்றார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். அத்தையைப் பார்த்தேன், அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா எழுந்து தாத்தாவுக்கு முன்னால் போய் நின்றார். நெடுநேரம் நின்றார் என்றுதான் என் ஞாபகம், குழந்தைகளுக்கு எல்லாமே நெடுநேரம். அப்புறம் அவரே படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். பின்னால் இருந்தவை பொலபொலவென்று விழுந்தன. கத்தரியை மட்டும் எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"எங்கப்பாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். "கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டாந்துருங்க. அவுக இல்லாம நான் எப்பிடித் தாரை வாத்துக் குடுப்பேன்?"

அது சம்மதம் என்று புரிய எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. முதலில் புரிந்தது அத்தைக்கு. ஓடிப்போய் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சமையலறையிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்து, இன்னும் கோபம் போகாத குரலில், சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றார்.

இதெல்லாம் எனக்கு விளங்கியது நான் காலேஜ் படிக்கத் திருவனந்தபுரம் போய் அத்தை வீட்டில் தங்கியபோதுதான். ஒருநாள் மாமாவின் பட்டறை மேசையில் யாரோ ஒரு ராணியின் ஓவியம் குப்புறக் கிடந்தது. மாமா அதைத் திருப்பியபோது அவள் தோளில் அதே மாதிரி வட்டத்துக்குள் வட்டமாக விரிசல். இது எப்படி வரும் என்று கேட்டேன். மாமா வேலையிலிருந்து தலையைத் தூக்காமலேயே, பின்பக்கம் ஏதாவது இடித்தாலோ அழுத்தினாலோ இப்படித்தான் வரும், வேறு எதனாலும் வராது, முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் எங்கள் வீட்டுப் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. துணி சுற்றிய தாத்தாவோடு அவரை பஸ் ஏற்றிவிட்டு நானும் பெரியப்பாவும் நடந்து வந்தோம். என் மனதில் ஒரே குறை. பெரியப்பா ஏமாந்துவிட்டாரோ என்று பட்டது. கேட்டேவிட்டேன்.

"பெரியப்பா, மத்ததெல்லாம் சொன்னாக, கன்னத்துல விழுந்தது மட்டும் தெரியலன்னுட்டாக. அப்புறம் எதுக்கு அவுகளுக்கு அத்தையக் குடுக்குறீக?"

பெரியப்பா மடியில் இருந்த கத்தரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அது தெரியலன்னு சொன்னாகள்ல" என்றார், "அதுக்குத்தேன் ஆத்தா."

பெரியப்பாவுக்கு விவரம் போதாத மாப்பிள்ளைதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இப்படி ஒருவரோடு காலம் தள்ளப் போகிறாரே என்று, வீடு வரும்வரை அத்தையை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.