கோயில் தேடிப் போய் மேஸ்திரி ஆன கதை

கொஞ்ச நாளாக ஒரு ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஆண்கள்… பொத்திக்கொள்வதுகூட இல்லை!

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி டீச்சர், நான் தையல்காரன் — இது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அவளுக்கு டிரான்ஸ்பர் வந்தால் எனக்கும் என் தையல் மெஷினுக்கும் சேர்த்து வந்ததாக அர்த்தம். இந்தத் தடவை குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். கொள்ளிடத்துக்கு வடக்கே குடியிருந்த வீட்டைக் காலி செய்வது அவள் பொறுப்பு. முன்னால் போய்ப் புது வீட்டுக்கு வெள்ளையடித்து வைப்பது என் பொறுப்பு.

பஸ் ஏற்றிவிடும்போது ஒரே ஒரு உத்தரவு போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வாங்க. நான் வர்றப்ப நாலு பேருக்காவது உங்களைத் தெரிஞ்சிருக்கணும்."

நாலு பேர்! வாராவாரம் உங்களிடம் இவ்வளவு பேசுகிறேனே, நேரில் ஒருத்தரிடம் வழி கேட்பதைவிட ஊரைச் சுற்றி நடப்பதே மேல் என்று நினைக்கிறவன் நான். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் சர்ச் என்பதையே கோயில் என்றுதான் சொல்வோம். பழக்க தோஷத்தில் டீக்கடையில், "கோயில் எங்கே இருக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் சிவன் கோயிலுக்கு வழி சொன்னார். "அது இல்லீங்க…" என்றேன். பெருமாள் கோயிலுக்கு வழி சொன்னார். மறுபடியும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என்ன செய்வது? பெருமாள் கோயில் வரைக்கும் நடந்துவிட்டேன்.

அங்கேதான் அதிர்ஷ்டம் அடித்தது. வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு பெண்கள், கைக்குட்டையில் சுற்றிய வேதப் புத்தகத்தோடு வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே போனேன். அவர்கள் திரும்பிப் பார்த்தால் நான் வாய்க்காலைப் பார்த்தேன். ஒரு மாதிரியாகத்தான் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்… கோயில் கிடைத்துவிட்டதே!

சின்ன ஓட்டுக் கட்டடம். சுற்றிலும் விளைந்த சம்பா. கோயிலை ஒட்டிய வயலின் வரப்பில் ஒரு சிவப்புக் கொடி பறந்தது. ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தையல்காரன் கண் வேறு எதைப் பார்க்கும்? ஓரம் மடித்துத் தைக்காத கொடி.

அப்போது எனக்குத் தெரியாத சங்கதியை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அந்த வயல் சாமுவேல் என்பவருடையது. பெரிய மிராசுதார் எல்லாம் இல்லை. தானும் மண்வெட்டி பிடிக்கிற மனிதர். நாற்று நட்டவர்கள் அதே கோயிலுக்கு வருகிற கூலிக்காரப் பெண்கள். நட்டவர்கள்தான் அறுக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அறுப்பில் கிடைக்கிற நெல்தான் அவர்கள் வீட்டில் மழைக்காலம் வரைக்கும் சோறு. இந்த வருஷம் அவர்கள் சர்க்கார் அறிவித்த கூலியைக் கேட்டார்கள். "சர்க்காரா வந்து என் வயல்ல களை பறிச்சுது?" என்றார் சாமுவேல். மறுநாள் வரப்பில் கூலிக்காரர் சங்கத்துக் கொடி.

கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. யாரும் வயலில் இறங்கவில்லை. சாமுவேல் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். வெளியூர் ஆட்களைக் கூட்டிவரும் மேஸ்திரி ஒருத்தருக்குச் சொல்லியனுப்பினார் — ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கே வந்துவிடும்படி. மேஸ்திரியை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே என்பது மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலுக்கு, கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்து வந்து நின்றது யார்?

நான்தான்!

உள்ளே ஆண்கள் பக்கத்தில் நடு பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. சுவரோரம் கூலிக்காரர்கள். ஜன்னலோரம் நிலம் வைத்திருப்பவர்கள். பெண்கள் பக்கத்தில் அந்த வம்பெல்லாம் இல்லை. எல்லோருக்கும் ஒரே பாய். குழந்தைகள் மடி மாறி மடி மாறித் தூங்கின.

சாமுவேல் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"தோத்திரங்க. எந்தப் பக்கத்துலேர்ந்து வர்றீங்க?"

"கொள்ளிடத்துக்கு… வடக்கே."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டீங்களா! உக்காருங்க, உக்காருங்க. கோயில் கூட்டம் கலையட்டும், பேசிக்கலாம். அதுவரைக்கும் யார் என்ன கேட்டாலும் நீங்க வாயே திறக்க வேணாம்."

வாயே திறக்க வேண்டாமாம்! இத்தனை வயதில் என்னிடம் யாரும் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. என்ன அருமையான சபை என்று உருகிப்போனேன். சுவரோரத்திலிருந்து இருபது கண்கள் என்னை முறைத்துக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

அங்கே பாதிரியார் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் பிரசங்கம். எங்கள் லுத்தரன் கோயில்களில் எந்த ஞாயிற்றுக்கு எந்தப் பகுதி என்று முன்கூட்டியே விதித்திருக்கிறது. பிரசங்கம் செய்கிறவர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அன்றைக்கு என்ன பகுதி தெரியுமா? திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு எஜமான் கூலியாள் பிடிக்கிற உவமை! சம்பா அறுப்பு நேரம் பார்த்து வருஷா வருஷம் வந்துவிடும். மற்ற வருஷம் பரவாயில்லை. இந்த வருஷம்?

பாவம் உபதேசியார். புத்தகத்தைத் திறக்கும்போதே வேர்த்துவிட்டது. அந்த ஊரில் திராட்சைக் கொடியை யார் பார்த்தார்கள்? அதனால் வழக்கமாக அவர் தோட்டத்தைச் சம்பா வயலாக்கித்தான் பேசுவாராம். அன்றைக்கு மட்டும் திராட்சையை விட்டு நகரவே மாட்டேன் என்றார். வாக்கியத்துக்கு ஒரு திராட்சை. நெல் என்ற சொல்லே வாயில் வரவில்லை.

"எஜமான் விடியக்காலையில ஆள் கூப்பிடப் போறார்… திராட்சைப் பழம் பறிக்க…"

சுவரோரத்தில் ஒரு இருமல்.

"கடைத்தெருவுல சில பேர் வேலை செய்யாம சும்மா நிக்கறாங்க… திராட்சை அங்கே பழுத்துக் கிடக்குது…"

ஜன்னலோரத்தில் பலத்த கனைப்பு.

எஜமான் மத்தியானமும் போனார், சாயங்காலமும் போனார், அப்போதும் ஆள் கூப்பிட்டார். அந்த இடத்தில் உபதேசியார் சட்டென்று நிறுத்தினார். புத்தகத்தை மூடினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமென். கோயிலுக்குப் புதுசா வந்திருக்கறவங்க எழுந்து நின்னு, தாங்க யாருன்னு சபைக்குச் சொல்லலாம்."

எந்தக் கோயிலுக்குப் போனாலும் நான் பயப்படுகிற நிமிஷம் இதுதான். எழுந்தேன்.

"நான்… கொள்ளிடத்துக்கு வடக்கே…"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். மார்த்தா என்று பெயர். நடவுப் பெண்களையெல்லாம் முன்னின்று நடத்துகிறவர் அவர்தான்.

"சாமுவேல் அண்ணே, ஒரு சந்தேகம். உங்க வயலுக்கு வெளியாளு வர்றதா ஊர்ல பேச்சு. இவருதான் மேஸ்திரியா?"

சாமுவேல் கூரையைப் பார்த்தார். மார்த்தா என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க. எத்தனை பேரைக் கூட்டியாந்திருக்கீங்க?"

வாயைத் திறக்க வேண்டாம் என்று சாமுவேல் சொல்லியிருக்கிறார். ஆனால் கோயிலில் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாமா?

"ரெண்டு பேருங்க… நானும் எங்க வீட்டுல சம்சாரமும். அவ செவ்வாய்க்கிழமைதான் வருவா."

"ரெண்டு பேரும் அந்த வயல் பூரா அறுத்துடுவீங்களோ?"

"அறுக்கத் தெரியாதுங்க. ஜாக்கெட் தைப்பேன்."

சாமுவேல் பதறிப்போய்க் கேட்டார்:

"அப்ப மேஸ்திரி நீங்க இல்லையா?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவருக்கே புரிந்தது!

சுவரோரத்தில் நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் இன்னொருத்தர் எழுந்துவிட்டார். சாமுவேலின் மனைவி, எஸ்தர் அம்மாள்.

"மேஸ்திரியா? எந்த மேஸ்திரி? எத்தனை ஆளு வருது?"

"ஒரு… முப்பது பேர்," என்றார் சாமுவேல், சுரத்தே இல்லாமல்.

"முப்பது பேருக்கும் யாரு ஆக்கிப் போடறது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அப்புறமா சொல்லலாம்னு…"

"எப்ப? அவங்க கைகழுவிட்டு இலையில உக்காந்ததுக்கப்புறமா?"

ஜன்னலோரக்காரர்களே சிரித்துவிட்டார்கள். எஸ்தர் அம்மாள் விடவில்லை. மார்த்தாவிடம் திரும்பினார்.

"நீயும்தான் மார்த்தா. கதிர் கொட்டுதே, எங்கிட்ட வந்து பேசினியா? கொடியை நட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே!"

"நான் எங்க நட்டேன், அக்கா? நாத்துதான் நட்டேன். கொடியெல்லாம் ஆம்பளைங்க நட்டது." மார்த்தாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "முழங்கால் சேத்துல நின்னு நட்ட பயிரு, அக்கா. அது சாயறதைப் பார்த்தா எனக்கு மட்டும் வயிறு எரியாதா? யாரோ வந்து அறுத்துட்டுப் போயிட்டா எங்க புள்ளைங்க எதைத் திங்கும்? சொல்லுங்கண்ணே… அந்த நெல்லுச் சோறு உங்களுக்குத்தான் இறங்குமா?"

இந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை.

சாமுவேல் ஜன்னல் வழியாகத் தன் வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த எனக்கு அவர் கண் தெரிந்தது. பிடிவாதக்காரர்தான். கல்நெஞ்சக்காரர் இல்லை.

"இறங்காது மார்த்தா," என்றார். "சர்க்கார் கூலியே குடுத்துடறேன். நாளைக் காலையில இறங்கிடணும்."

"இறங்கறோம்."

"அப்ப கொடி?" என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல். அது மார்த்தாவின் வீட்டுக்காரர்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றார் எஸ்தர் அம்மாள். "காக்காயாவது வராம இருக்கும்."

முதலில் சிரித்தவர் மார்த்தாவின் வீட்டுக்காரர்தான். அதற்கப்புறம் பாடிய கீர்த்தனையில் ஓடு அதிர்ந்தது.

நிஜ மேஸ்திரி அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார். ஆறடி உயரம், முறுக்கு மீசை. சாமுவேல் அவரை வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டு, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். ஒரு ஆளுக்குச் சமைப்பதில் எஸ்தர் அம்மாளுக்கு ஆட்சேபணை இல்லை. அந்த மனிதரையும் என்னையும் பார்த்த பிறகு, என்னைப் போய் யார் மேஸ்திரி என்று நம்பினார்கள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. இந்தத் தகராறுக்குத் தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது. கொடிக்காரர்கள் போயிருக்கிறார்கள், நிலக்காரர்கள் போயிருக்கிறார்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசி, விறைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். நட்டவளையும் சமைக்கிறவளையும் யாராவது கூப்பிட்டார்களா? கோயிலில் அவர்களைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

திங்கட்கிழமை காலையில் பனி விலகும் முன்பே அரிவாள் சத்தம் கேட்டது. வெள்ளையடிக்கிற மட்டையைப் போட்டுவிட்டு வரப்புக்குப் போனேன். மார்த்தா முன்னால், மற்ற பெண்கள் வரிசையாகப் பின்னால். சாமுவேலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுத்துப் போட்ட அரிக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். உபதேசியார் குடையை ஊன்றிக்கொண்டு நின்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது ஊரில் நானாகப் போய்ப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

"ஐயா, நேத்து உவமையைப் பாதியிலேயே நிறுத்திட்டீங்களே. கூலி குடுக்கற இடம் வரலையே?"

உபதேசியார் வயலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தோளைப் பிடித்து நாலடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"மெதுவாப் பேசுங்க. விடியக்காலையிலேர்ந்து வெயில்ல வெந்தவனுக்கும், சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்தவனுக்கும் அந்த எஜமான் ஒரே கூலிதான் குடுத்தாரு. அதை இப்ப எப்படிங்க சொல்றது? நெல்லு முதல்ல வீடு வந்து சேரட்டும்!"